பழ மணப் பெர்ஃப்யூமைத் தோலில் சோதித்து வாங்குவது எப்படி?

கடையில் அடித்துப் பார்க்கும்போது மாம்பழமும் அன்னாசியும் கமகமக்கும். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தேங்காயும் மஸ்க் எனும் கஸ்தூரி வாசமும்தான் மிச்சமிருக்கும். பாட்டில் போலி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, பழ மணத்தின் இயல்பே அதுதான்.

மல்லிகை, சந்தனம் போல இந்தப் பழங்களிலிருந்து பெர்ஃப்யூமுக்கான எண்ணெய் எடுப்பதில்லை. மணத்தைச் சேர்மங்களால் உருவாக்குகிறார்கள். அன்னாசிக்கு அல்லைல் ஹெக்சனோயேட், வாழைப்பழத்துக்கு ஐசோஅமைல் அசிடேட். இவை எஸ்டர் என்ற வகைச் சேர்மங்கள், சீக்கிரம் ஆவியாகிவிடும். தேங்காய் வாசம் தரும் காமா நோனாலாக்டோன் மெதுவாகவே ஆவியாவதால் மணிக்கணக்கில் தோலில் நிற்கும். ஆகவே கடைசியில் மிஞ்சும் மணம் பிடித்தால் மட்டும் வாங்குங்கள்.

படி 1: வாசனையில்லாத சோப்பால் இரு கைகளையும் கழுவித் துடைத்து, 15 நிமிடம் விடுங்கள். அன்று வேறு சென்ட், மணமுள்ள லோஷன், தலைக்கு வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். ஷேவ் செய்த இடத்தில் அடித்தால் எரியும்.

படி 2: ஒரு முழங்கையின் உட்புறத்தில் மட்டும் வேஸ்லினை மெல்லிசாகத் தடவுங்கள். மற்றது வெறும் தோலாக இருக்கட்டும். வறண்ட தோலில் மணம் சீக்கிரம் போய்விடும். அந்த வித்தியாசம் உங்கள் தோலில் எவ்வளவு என்பது இதில் தெரியும்.

படி 3: சுமார் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு கையிலும் ஒரே ஒரு ஸ்ப்ரே. தேய்க்காதீர்கள். தேய்க்கும் சூட்டில் முதலில் பறப்பது பழ மணம்தான்.

படி 4: முதல் அரை நிமிடம் முகரவே வேண்டாம், ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். பிறகு 10 நிமிடம், 1 மணி, 4 மணி என மூன்று முறை முகர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். நடுநடுவே முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு அந்த மணத்துக்குப் பழகி, "போய்விட்டது" என்று பொய் சொல்லும். நான்காவது மணியில் வேறொருவரை முகரச் சொல்வது நல்லது.

மாம்பழம், பேஷன் ஃப்ரூட் மணங்களில் துளியளவு கந்தகச் சேர்மமும் சேர்ப்பார்கள். பழுத்த பழத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஆனால் அளவு மிஞ்சினால் பூனை மூத்திர நெடி அடிக்கும். 10 நிமிடத்திலும் அந்த நெடி மறையாவிட்டால் அந்தப் பெர்ஃப்யூம் உங்களுக்கு ஒத்துவராது.

இன்னொன்று, பாட்டிலில் ஓ டி டாய்லெட் (Eau de Toilette) என்று போட்டிருந்தால் மணப்பொருள் பொதுவாக 5 முதல் 15 சதவீதம்தான். 1993இல் ஷிஃபான் சோர்பே என்ற பெர்ஃப்யூமில் தொடங்கிய எஸ்காடா பிராண்டின் கோடைகாலப் பழ மணங்கள் இந்த வகையே. அவை நாள் முழுக்க நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மதியம் ஒருமுறை மறுபடி அடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஏசி அறையில் ஒரு நாள், வியர்க்கும் வெயிலில் ஒரு நாள் என இரண்டு முறை சோதியுங்கள். புழுக்கத்தில் தேங்காய், வனிலா இனிப்பு திகட்டும். வெயில் நாளில் துணிக்குள் மறையும் இடத்தில் அடியுங்கள். பிழிந்தெடுத்த எலுமிச்சை, பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்) எண்ணெய்களில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைக் கருக்கக்கூடும். அரிப்போ சிவப்போ தெரிந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.