மென்பொருளை மாற்றியதும் சுருங்கிய படங்கள்: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்களைப் பிடிஎஃப் கோப்பாக்கி அச்சுக்கு அனுப்புவது என் வேலை. ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கும் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவியதும், தோட்டத்து லயன் வீடுகளின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பழைய படங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டன. பழைய பதிப்பு எல்லாப் படங்களையும் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்றே கொண்டது. புதியதோ, ஸ்கேனர் கோப்புக்குள் பதித்திருந்த 300 என்ற எண்ணைப் படித்து, 600 பிக்சல் அகலப் படத்தை 6.25 அங்குலத்துக்குப் பதிலாக 2 அங்குலத்தில் வைத்தது. படத்தில் ஒரு பிக்சல்கூடக் குறையவில்லை.

பக்க அமைப்பை வரையறுக்கும் வார்ப்புருவில் ஒவ்வொரு படத்தின் அகலத்தையும் மில்லிமீட்டரில் எழுதியதும் அளவு நிலைபெற்றது. ஆனால் அளவு வேறு, தெளிவு வேறு: ஏ4 தாளின் 210 மில்லிமீட்டர் அகலத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) நிரப்ப 2480 பிக்சல் வேண்டும். ஆகவே, பெரிதாக வர வேண்டிய சிறு புகைப்படங்களை மட்டும் 600 டிபிஐயில் மீண்டும் ஸ்கேன் செய்தேன். பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் பெண்களின் முகங்கள் அடையாளம் தெரிய வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நுண்விவரங்கள் சிலவற்றை விட்டுக் கோப்பைச் சிறிதாக்கும் ஜேபெக் சுருக்கம் புகைப்படங்களுக்குப் பொருந்தும். பள்ளிச் சின்னத்திலோ எழுத்தோரங்களில் மங்கலான புள்ளிகள் படிந்ததால், அதற்கு எந்த விவரத்தையும் விடாத இழப்பில்லாச் சுருக்கத்தையே வைத்தேன்.