கொரியப் பிள்ளைகளுக்கு ஆங்கில ஆசிரியராகப் போக: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

எட்டு வயதில் அம்மா அப்பாவோடு திருச்சியிலிருந்து டொராண்டோ போனவள் நான். பட்டப்படிப்பு முடிந்த கையோடு தென் கொரியாவின் டேகு நகரத்துக்குப் போய், ஒரு வருடம் தனியார் பயிற்சி நிலையத்திலும் இரண்டு வருடம் அரசுத் தொடக்கப்பள்ளியிலும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். திரும்பி வந்ததிலிருந்து ஒரே கேள்விதான். போன மாதம் திருச்சியிலிருந்து சித்தி மகள் போனில் கேட்டாள்: "அக்கா, நானும் பி.எட். முடிச்சிருக்கேன். எனக்குக் கிடைக்குமா?" அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது?

ஆங்கிலம் எவ்வளவு நன்றாக வரும் என்பதெல்லாம் அப்புறம்தான். கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்கான விசாவின் பெயர் ஈ-2. ஆங்கிலத்துக்கு இந்த விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். ஏதாவது ஒரு பாடத்தில் பட்டம் இருந்தால் போதும், அது ஆங்கில இலக்கியமாக இருக்க வேண்டியதில்லை. டொராண்டோ, லண்டன், சிட்னி, டர்பன் தமிழர்களுக்கு வழி நேராகவே திறந்திருக்கிறது. தென்னாப்பிரிக்கர்கள் ஏழாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஆங்கில வழியில் படித்ததற்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் கடிதம் வாங்கிவைக்க வேண்டும். என்னைப் போல வேறு நாட்டில் பிறந்து பிறகு குடியுரிமை பெற்றவர்களும் பள்ளிச் சான்றுகளைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறிய கதவு உண்டு. இந்தியாவும் கொரியாவும் 2009இல் கையெழுத்திட்டு, 2010 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தத்தில், இந்தியர்கள் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராக வேலை செய்ய இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பட்டத்தோடு ஆங்கிலப் பாடத்துக்கான ஆசிரியர் தகுதியும் வேண்டும். அதனால் ஆங்கிலம் எடுத்து பி.எட். முடித்த சித்தி மகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வழி பள்ளிகளுக்கு மட்டும்தான், தனியார் நிலையங்களுக்குச் செல்லாது. அதை நம்பிக் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட வேண்டாம் என்றுதான் அவளுக்கும் சொன்னேன்.

இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஈ-2 ஆங்கில ஆசிரியர் விசா இல்லை. இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால், "டூரிஸ்ட் விசாவில் போங்க தம்பி, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று பணம் வாங்கும் ஏஜென்ட்கள் இந்த இடத்தில்தான் வலை விரிக்கிறார்கள். சுற்றுலா விசாவில் வகுப்பெடுத்துப் பிடிபட்டால் அபராதம் கட்டிவிட்டு நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஏஜென்டின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. நியாயமான ஆளெடுப்பு நிறுவனங்கள் பள்ளியிடம்தான் கட்டணம் வாங்கும், ஆசிரியரிடம் வாங்காது.

விசா வழி இல்லாதவர்களும் கொரிய மாணவர்களுக்குக் கற்பிக்கலாம். வீடியோ அழைப்பில் ஆங்கிலம் படிப்பது அங்கே பெரிய தொழில், பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் அதில் நிறையப் பேர். கொரியா இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே மாலை 6 முதல் 10 மணி வரை என்றால் இந்தியாவில் பிற்பகல் இரண்டரை முதல் ஆறரை வரை. பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. சென்னைக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு, அதைச் சுற்றி வந்த கொரியக் குடும்பங்கள் சென்னையிலேயே வாழ்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் வேண்டும்.

இரண்டாம் படி: அரசுப் பள்ளியா, ஹாக்வோனா?

ஹாக்வோன் என்றால் தனியார் பயிற்சி நிலையம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேரே அங்கேதான் போவார்கள். அதனால் வேலை பிற்பகலில் தொடங்கி இரவு வரை நீளும். சியோலில் இரவு 10 மணிக்கு மேல் ஹாக்வோன் நடத்தக் கூடாது என்று விதியே போட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளெடுப்பு வருடம் முழுவதும் நடக்கும், விண்ணப்பித்துச் சில வாரங்களிலேயே வேலை அமைந்துவிடும். நல்லது, கெட்டது எல்லாம் அந்த ஒரு உரிமையாளரைப் பொறுத்தது.

அரசுப் பள்ளிக்கு எபிக் என்ற திட்டம் இருக்கிறது. 1995இல் தொடங்கியது, கல்வி அமைச்சகத்தின் கீழ் நடப்பது. வருடத்துக்கு இரண்டு முறைதான் சேர்க்கை: மார்ச் தொடங்கும் பருவத்துக்கு ஒன்று, செப்டம்பர் பருவத்துக்கு ஒன்று. பல மாதங்கள் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். வாரத்துக்கு 22 வகுப்புகள், பக்கத்தில் ஒரு கொரிய ஆசிரியர், பகல் நேர வேலை, தங்குவதற்கு வீடு. முன் அனுபவமோ கல்வியியல் பட்டமோ இல்லாதவர்களிடம் குறைந்தது 100 மணி நேர டெஃபல் சான்றிதழ் (ஆங்கிலத்தை அயல்மொழியாகச் சொல்லிக்கொடுப்பதற்கான பயிற்சி) கேட்பார்கள். முதல் வருடச் சம்பளம் இரண்டு இடத்திலும் மாதம் 20 லட்சம் வோனுக்குக் கொஞ்சம் மேலே. ஹாக்வோனில் சற்று கூடுதலாகக் கிடைப்பதும் உண்டு.

என்னைக் கேட்டால், காத்திருக்க முடிந்தவர்கள் அரசுப் பள்ளியில் தொடங்குங்கள். நான் அவசரப்பட்டு ஹாக்வோனில் தொடங்கினேன்.

மூன்றாம் படி: காகிதங்கள்

வேலை தேடுவதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள், மூன்று நான்கு மாதம் ஆகும். முக்கியமானவை இரண்டு: பட்டச் சான்றிதழின் நகல், நாடு தழுவிய போலீஸ் சான்று. இரண்டிலும் அப்போஸ்டில் முத்திரை இருக்க வேண்டும். அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டு அரசு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கான சான்று. கனடா இந்த ஏற்பாட்டில் சேர்ந்தது 2024 ஜனவரியில்தான், அதற்கு முன் நாங்கள் கொரியத் தூதரகத்துக்கு நடையாக நடந்தோம். இந்தியாவில் பட்டச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்று இரண்டு கட்டம்.

போலீஸ் சான்று உள்ளூர் ஸ்டேஷனில் வாங்கியது செல்லாது. கனடாவில் கைரேகை வைத்து தேசியக் காவல்படையான ஆர்சிஎம்பி தருவது, அமெரிக்காவில் எஃப்பிஐ தருவது, இந்தியாவில் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வருவது என்று தேசிய அளவிலானதாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து இரண்டுக்கும் அப்போஸ்டில் வாங்கிவிடுங்கள். ஒன்று வேலை கொடுப்பவரிடம் போய்விடும், அடுத்த வேலைக்கு மாறும்போது இன்னொன்று கையில் இருக்கும்.

நான்காம் படி: நேர்காணல்

கொரியாவில் விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பார்கள். சில ஹாக்வோன்கள் வெள்ளைத்தோல் ஆசிரியரைத்தான் தேடும், பெற்றோர் அப்படி எதிர்பார்க்கிறார்கள் என்று சொல்லும். எனக்குப் புகைப்படம் அனுப்பிய பிறகு பதிலே வராத இடங்கள் ஏழு. அது என் ஆங்கிலத்தின் குறை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்காதீர்கள். நிறைய இடங்களுக்கு அனுப்புங்கள், நிறம் பார்க்கும் இடம் தானாகவே விலகிப்போகும். அந்த இடத்தில் ஒரு வருடம் கழிக்காமல் தப்பித்தோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணல் வீடியோவில்தான் நடக்கும். டொராண்டோவில் இரவு ஒன்பது மணி, கொரியாவில் மறுநாள் காலை பத்தோ பதினொன்றோ. ஐந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொல்வார்கள். எனக்குத் தமிழ் கைகொடுத்தது இங்கேதான்.

கொரிய மொழி அமைப்பில் நமக்கு மிகவும் பழக்கமானது. "நான் பள்ளிக்குப் போகிறேன்" என்பதை அவர்கள் மொழியில் சொன்னாலும் சொற்கள் இதே வரிசையில் வரும். நான், பள்ளி, அதன் பின்னால் நம் 'கு' மாதிரி ஓர் ஒட்டு, கடைசியில் வினை. ஆங்கிலத்தில் உள்ள 'எ', 'தி' என்ற சுட்டுகள் தமிழிலும் இல்லை, கொரிய மொழியிலும் இல்லை. அதனால்தான் அந்தப் பிள்ளைகள் அவற்றை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள். எழுத்திலும் அப்படித்தான். 'காகம்' என்னும்போது முதல் 'கா' ஒரு மாதிரியும் நடுவில் வரும் 'க' மெல்லவும் ஒலிக்கிறது அல்லவா? கொரிய எழுத்திலும் ஒரே எழுத்து சொல்லின் முதலில் வன்மையாகவும் உயிரெழுத்துகளுக்கு நடுவில் மென்மையாகவும் ஒலிக்கும். 'எஃப்' ஒலி அவர்களுக்கும் கிடையாது, காபியை 'கொப்பி' என்பார்கள். ஆனால் 'ர'வுக்கும் 'ல'வுக்கும் சேர்த்து அவர்களிடம் ஒரே எழுத்துதான். அங்கே அவர்களுக்கு இருக்கும் சிரமம் நமக்கு இல்லை.

மாதிரிப் பாடத்தில் நான் செய்தது இதுதான்: 'ரைஸ்', 'லைஸ்' என்ற இரண்டு சொற்களுக்கும் படம் வரைந்து, நாக்கு எங்கே தொடுகிறது என்று காட்டினேன். ஒன்று சோறு, மற்றது பேன். வாயில் போடுவது எது என்று கேட்டதும் எதிரில் இருந்த தலைமை ஆசிரியரே சிரித்துவிட்டார். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும் என்பதை நேர்காணலில் காட்டுங்கள். ஆங்கிலம் மட்டுமே தெரிந்து வளர்ந்தவர்களுக்கு அது எளிதில் வராது.

ஐந்தாம் படி: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிப்பது

இங்கே அவசரமே கூடாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த இடத்தில் இப்போது வேலை செய்யும் வெளிநாட்டு ஆசிரியரோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் அந்த இடம் வேண்டாம்.

ஒரு வருடம் முழுதாக வேலை செய்தால் பணி முடிவில் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது கொரியச் சட்டம். வேலையை விட்ட 14 நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும். ஒப்பந்தம் 11 மாதம் என்றிருந்தால் இந்தப் பணத்தைத் தவிர்க்கத்தான் என்று புரிந்துகொள்ளுங்கள். மாதச் சம்பளத்திலேயே அது சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது நான்கு காப்பீடுகள்: ஓய்வூதியம், மருத்துவம், வேலையிழப்பு, பணியிட விபத்து. ஓய்வூதியத்தில் பாதி நீங்கள், பாதி முதலாளி. கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியக் குடிமக்கள் நாடு திரும்பும்போது அதை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். 'வரியாக 3.3 சதவீதம் மட்டும் பிடிப்போம்' என்று ஒப்பந்தத்தில் பார்த்தால் உங்களைச் சம்பள ஊழியராக அல்ல, சுயதொழில் செய்பவராகக் காட்டுகிறார்கள் என்று பொருள். காப்பீட்டுச் செலவு மிச்சம் என்று சொல்வார்கள். மிச்சம் அவர்களுக்குத்தான்.

பிறகு வீடு. வாடகை அவர்கள் கட்டினாலும் கரண்ட், கேஸ், 'குவான்லிபி' எனப்படும் பராமரிப்புத் தொகை உங்களுடையதாக இருக்கும். விமான டிக்கெட் யார் செலவு, வேலை நேரம் என்பது வகுப்பு நேரமா நிலையத்தில் இருக்கும் நேரமா, எத்தனை நாள் விடுப்பு, அதை யார் தேர்ந்தெடுப்பது என்று எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஈ-2 விசா அந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. இடையில் வேறு இடத்துக்கு மாற அவருடைய விடுவிப்புக் கடிதம் தேவைப்படும். தனியாக டியூஷன் எடுப்பது இந்த விசாவில் குற்றம், பக்கத்து வீட்டுக்காரர் அன்பாகக் கேட்டாலும்கூட.

ஆறாம் படி: விசாவும் முதல் வாரங்களும்

ஒப்பந்தம் முடிந்ததும் அசல் காகிதங்களை கூரியரில் அனுப்புவீர்கள். முதலாளி அங்கே குடிவரவு அலுவலகத்தில் விசா அனுமதி எண் வாங்கித் தருவார், அதை வைத்து உங்கள் ஊர் கொரியத் தூதரகத்தில் விசா போடலாம். போய் இறங்கியதும் மருத்துவச் சோதனை. அதில் போதைப்பொருள் சோதனையும் உண்டு. கனடாவில் 2018 முதல் கஞ்சா சட்டப்படி சரி என்றாலும் கொரியாவில் குற்றம், சோதனையில் தெரிந்தால் வேலை அன்றோடு முடிந்தது. 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டை வாங்க வேண்டும். அது இல்லாமல் போன், வங்கி எதுவும் சரியாக நடக்காது.

வகுப்பில் கொடுப்பதையும் வாங்குவதையும் இரண்டு கையால் செய்யுங்கள். பிள்ளைகளின் பெயரைச் சிவப்பு மையில் எழுதாதீர்கள், இறந்தவர் பெயரை எழுதும் நிறம் என்பார்கள். என் முதல் நாளில் பலகையில் குடும்பப் படம் ஒட்டி, தமிழில் இவர் 'அப்பா', இவர் 'அம்மா' என்றேன். அவர்கள் மொழியில் 'அப்பா', 'ஒம்மா'. வகுப்பே எழுந்து நின்று கத்தியது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் என்னிடம் பேசத் தயங்கியதில்லை.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் ஒரு வேலை. தேசிய ஓய்வூதிய அலுவலகத்துக்குப் பதிவு அட்டையோடு நேரில் போய், உங்கள் பெயரில் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். நான் இருந்த நிலையத்தில் மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் கட்டவில்லை. ஐந்தாம் மாதம்தான் எனக்குத் தெரிந்தது. தொழிலாளர் அமைச்சகத்தின் 1350 எண்ணுக்குப் பேசி, வழி கேட்டு, சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கின் நகலையும் எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் கட்டினார்கள். விசா சந்தேகங்களுக்கு 1345. இந்த இரண்டு எண்களையும் விமானம் ஏறுவதற்கு முன்பே போனில் சேமித்துவிடுங்கள். சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள்.