ரீயூனியன் தீவுக்குக் கிளம்புவதற்கு முன்: பயணத்தைக் கெடுக்கும் தவறுகள்

இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவு என்றதும் மாலத்தீவுப் படம்தான் நம் கண்ணில் வந்து நிற்கும். அதே நினைப்போடு ரீயூனியனுக்குப் போகிறவர்கள் பாதிப் பயணத்தை வீணடித்துவிட்டு வருகிறார்கள். மொரீஷியஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம்தான், ஆனால் நிலமே வேறு. கடலுக்கு நடுவே 3,000 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும் மலை, அதன் மடிப்புகளில் ஊர்கள், கரையோரத்தில் கொஞ்சம் மணல். திட்டம் போடும்போது மலையை முதலில் வையுங்கள். மணல் மிச்ச நேரத்துக்குப் போதும்.

பலரும் செய்கிற முதல் தவறு, மேற்குக் கரையில் சாந் ஜில் பக்கம் ஒரே ஓட்டலில் ஏழு நாளும் அறை போட்டுவிடுவது. வரைபடத்தில் எல்லாமே கைக்கெட்டும் தூரமாகத்தான் தெரியும். ஆனால் சிலாவோஸ் ஊருக்கு ஏறும் மலைப்பாதையில் மட்டும் நானூறுக்கு மேல் வளைவுகள். அதைப் போய்த் திரும்பும் ஒருநாள் பயணமாக வைத்தால், காரிலிருந்து இறங்கி ஒரு சூப் குடிக்கத்தான் நேரம் இருக்கும். சிலாவோஸில் ஓர் இரவு, எரிமலைக்குப் பக்கத்தில் பூர் முரா ஊரில் ஓர் இரவு என்று பிரித்துத் தங்குங்கள். வாடகைக் கார் எடுத்தால், அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எரிமலைக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வதற்குக் காரணம் மேகம். பிட்டோன் த லா ஃபுர்னேஸ் உலகத்திலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. அதைப் பார்க்கும் விளிம்பான பா த பெல்கோம்ப் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருட்டிலேயே கிளம்பினால், செங்கருப்பு மணல்வெளியைத் தாண்டி அங்கே சேரும்போது வெளிச்சம் வந்துவிடும். கீழே கறுத்து உறைந்த எரிமலைக் குழம்பு பாய் விரித்த மாதிரி கிடக்கும். அதன் நடுவில் ஃபோர்மிக்கா லியோ என்ற சின்னச் சிவந்த கூம்பு. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கடல் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். காலைச் சாப்பாட்டை நிதானமாக முடித்துக்கொண்டு பதினொரு மணிக்கு வந்து சேர்கிறவர்களுக்கு வெள்ளைச் சுவர்தான் காட்சி. வெப்பமண்டலத் தீவுதானே என்று அரைக்கால் சட்டையில் வந்தால் நடுங்க வேண்டியதுதான். ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலைக் குளிர் பூஜ்யம் வரை இறங்கும். பாறைகளில் வெள்ளை வண்ணம் அடித்துப் பாதையைக் காட்டியிருப்பார்கள். பனிமூட்டத்தில் அந்தக் குறியை விட்டு ஒரு அடி கூட விலகாதீர்கள்.

எரிமலைக் குழம்பு ஓடுவதைப் பார்த்தே தீருவேன் என்று தேதி குறித்துப் போவதும் சரிவராது. வெடிக்கப் போகிற அறிகுறி தெரிந்ததுமே விளிம்புக்குக் கீழே எரிமலையைச் சுற்றியுள்ள உள்வட்டத்தை மூடிவிடுவார்கள், தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். வெடிக்கவில்லையென்றால் தென்கிழக்குக் கரைச் சாலையில் போங்கள். 2007 ஏப்ரலில் குழம்பு அந்தச் சாலையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு கடலில் இறங்கியது. கொஞ்சம் வடக்கே, 1977இல் குழம்பு வாசல் வரை வந்து இரண்டு பக்கமும் விலகிப்போன தேவாலயம் இன்றும் இருக்கிறது.

கடலில் கண்ட இடத்தில் இறங்குவது ஆபத்தான தவறு. 2011இலிருந்து அடுத்தடுத்து சுறா தாக்குதல்கள் நடந்து உயிர்கள் போயின. 2013இல், பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமில்லாத பகுதியும் கண்காணிப்புள்ள இடங்களும் தவிர மற்ற இடங்களில் குளிக்கத் தடை போட்டார்கள். மேற்குக் கரையில் லெர்மித்தாஜ் பக்கம் பவளத்திட்டுக்கு உள்ளே குளிக்கலாம், அங்கேயும் பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள்.

மலிவாக டிக்கெட் கிடைக்கிறது என்று ஜனவரி, பிப்ரவரியில் போவது பற்றி ஒரு வார்த்தை. அது புயல் காலம். 1966 ஜனவரியில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது, இது உலக சாதனை. சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே அதைவிடக் குறைவு. சிவப்பு எச்சரிக்கை விட்டால் யாரும் வெளியே வரக்கூடாது, அறைக்குள்ளேயே கிடக்க வேண்டும். மே முதல் நவம்பர் வரை போவது நிம்மதி. விசாவையும் முன்கூட்டியே பாருங்கள்: ரீயூனியன் பிரான்சின் மாவட்டம், செலவு யூரோவில், ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொது விசா உள்ள ஷெங்கன் எல்லைக்குள் வராது. அதனால் சாதாரண ஷெங்கன் விசா மட்டும் கையில் இருந்தால் போதாது.

மாஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலையே கிடையாது. நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும், அரிசி மூட்டையும் ஹெலிகாப்டரில்தான் இறங்கும். தங்குமிடத்தை முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் மறைந்து வாழ்ந்த மலை அது. வெறும் நடைப்பாதையாக நினைத்துக் கடந்துபோனால் எனக்கு வருத்தம்தான்.

அப்புறம், நம்மவர்கள் மட்டும் செய்கிற ஒரு தவறு. 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுடைய வாரிசுகளை அங்கே மல்பார் என்று அழைக்கிறார்கள். மாரியம்மன் கோயில் உண்டு, தீமிதி உண்டு, தைப்பூசக் காவடியும் உண்டு. பேச்சு மட்டும் கிரியோல் என்ற, பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியும் பிரெஞ்சும். ராமசாமி என்று பெயர் வைத்திருப்பவரிடம் "தமிழ் தெரியாதா?" என்று ஆச்சரியமாகக் கேட்டுவிடாதீர்கள். அந்த மொழி எப்படிப் போனது என்பது அவர்கள் குடும்பத்தின் காயம். ஒரே வீட்டில் ஞானஸ்நானமும் ஆட்டுக்கிடா வெட்டும் நடக்கும், அதையும் அளந்து பார்க்க வேண்டாம். கோயிலில் படம் எடுக்கும் முன் கேளுங்கள். "கொமான் இ லே?" என்று கிரியோலில் நலம் விசாரித்தால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

சாப்பாட்டுக்குப் பீட்சா கடை தேடி அலையாதீர்கள். மதியம் இரண்டு மணி தாண்டினால் பல சமையலறைகள் மூடிவிடும், அதற்குள் போய் உட்காருங்கள். சோறு, பயறு, விறகடுப்பில் வெந்த காரி என்ற குழம்பு, ஓரத்தில் ருகாய் என்ற காரமான தொடுகறி. சனிக்கிழமை காலையில் சாந் பால் கடலோரச் சந்தைக்குப் போனால், ஒரு கொத்துப் பச்சை இலையைக் காட்டி அதன் பெயரைக் கேளுங்கள். "கலுப்பிலே" என்பார்கள். கசக்கி முகர்ந்து பாருங்கள், நம் கறிவேப்பிலையேதான்.