சார்ஜர் செருகினால் மட்டும் வந்த இரைச்சல்

அஸ்தம்பட்டி வீட்டில், பாட்டுக்கென்றே ஒரு குட்டி லேப்டாப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கி, யூ.எஸ்.பி. டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் DAC கருவி) வழியாக ஆம்ப்ளிஃபயரில் இணைத்தேன். ஸ்பீக்கரில் 'கிர்ர்' என்று மெல்லிய இரைச்சல். மவுஸை நகர்த்தினால் அதன் சுருதியே மாறியது!

கேபிளை மாற்றினேன். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்ற சாம்ப்ளிங்கை 48-இலிருந்து சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். நான்கு நாள் போனதுதான் மிச்சம்.

மாலையில் கரண்ட் போய், இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயர் மட்டும் ஓடியபோது அந்த இரைச்சலே இல்லை. லேப்டாப் பேட்டரியில் இருந்தது. சார்ஜர் செருகியபடி டாக்கில் ஹெட்ஃபோன் மாட்டி, ஆம்ப்ளிஃபயர் கேபிளைக் கழற்றினேன், அப்போதும் சுத்தம். ஆக, லேப்டாப்பிலும் டாக்கிலும் கோளாறு இல்லை. சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு பிளக் பாயிண்டில் இருந்ததால், இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆடியோ கேபிள் வழியாக ஒரு வளையம் உண்டாகி, அதில் ஓடிய சிறு மின்னோட்டமே இரைச்சலாகக் கேட்டிருந்தது.

இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியதும் பெரும்பகுதி அடங்கியது. மிச்சத்தை, லேப்டாப்புக்கும் டாக்குக்கும் நடுவே போட்ட யூ.எஸ்.பி. ஐசோலேட்டர் (நேரடி மின் இணைப்பைப் பிரித்து, டேட்டாவைக் கடத்தும் கருவி) தீர்த்தது. வாங்கும்போது கவனியுங்கள்: விலை குறைந்த பல ஐசோலேட்டர்கள் நொடிக்கு 12 மெகாபிட் வேகம் மட்டுமே தரும். சி.டி. தரப் பாட்டுக்கு அது தாராளம். அதைவிட வேகமான 'ஹைஸ்பீட்' யூ.எஸ்.பி. கேட்கும் டாக் அதில் வேலை செய்யாது. எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள், ஷாக் அடிக்கும். இப்போது ராத்திரி தம்புரா நாதம் அப்படியே தெளிவாகக் கேட்கிறது.