கனடாவில் கோல்ஃப் ஆடப் போகிறீர்களா? முதலில் பொழுது பாருங்கள்

லீவுக்கு நாகர்கோவில் வந்த இடத்தில், அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி டொராண்டோ போகிற மூன்று பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, கோல்ஃப் பணக்காரன் ஆட்டம்லா? நீங்க எப்படி?"

அங்கே அப்படி இல்லை. மாநகராட்சியே 5 கோல்ஃப் மைதானங்கள் நடத்துகிறது. நம்மவர்கள் நிறைந்த ஸ்கார்பரோவில் டாம் ஓ'ஷான்டர் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு டென்டோனியா பார்க் போதும். எல்லாக் குழியும் பார்-3, அதாவது மூன்று முறை அடித்துப் பந்தைக் குழியில் போட வேண்டிய குறைந்த தூரம். விக்டோரியா பார்க் சப்வே (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கம்.

ஆன்லைனில் டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) எடுங்கள், ஒரு குழுவில் நான்கு பேர் வரை. காலர் வைத்த சட்டை போடுங்கள். மட்டைகளை வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் பல இடங்களில் ஆளுக்கொரு மட்டைப் பை வேண்டும் என்பார்கள். ஒரே பேட்டில் ஊரே கிரிக்கெட் ஆடிய நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். தொலைந்த பந்தைத் தேட விதிப்படி 3 நிமிடம்தான். சரி, இதெல்லாம் போகப் போகப் பழகிவிடும்.

எனக்குப் பணம் போனது ட்விலைட் ரேட்டில். பிற்பகலுக்கு மேல் கட்டணம் குறையும், அதற்குப் பெயர்தான் அது. ஜூனில் நாலு மணிக்குத் தொடங்கி முழு ஆட்டமான 18 குழியும் முடித்தேன். அப்போது சூரியன் மறைய ஒன்பது மணியாகும். அதே தைரியத்தில் அக்டோபர் கடைசியில், மூன்று புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு பிற்பகல் மூன்று மணிக்கு 18 குழிக்குப் பணம் கட்டினேன். நம்மூரில் ஜூன் ஆனாலும் டிசம்பர் ஆனாலும் விளக்கேற்றுகிற நேரம் ஒரு மணி நேரம்கூட மாறாது. அந்தப் புத்திதான் என்னைக் கவிழ்த்தது. அங்கே ஆறேகாலுக்கே சூரியன் போய்விட்டது. பன்னிரண்டாவது குழியில் நாலு பேரும் போன் டார்ச்சை அடித்துப் பந்து தேடிக்கொண்டிருந்தோம். மைதானத்தைச் சுற்றி வந்து கண்காணிக்கிற மார்ஷல் வண்டியில் வந்து, போதும் கிளம்புங்கள் என்றார். மீதிப் பணத்தைக் கேட்டேன். ஆட்டம் பாதியில் நின்றால் ஈடாகத் தரும் ரெயின் செக் மழைக்குத்தானாம், இருட்டுக்குக் கிடையாதாம். கவுன்டரில் இருந்த பெண் சிரிக்காமல் சொன்னாள், எனக்குத்தான் எரிந்தது. பணம் வாங்கும்போது அவர்களுக்கு மணி தெரியாதா?

அதனால் அன்றைய சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து, அதிலிருந்து நாலரை மணி நேரம் கழியுங்கள். அதற்குப் பிறகு தொடங்குவதானால் 9 குழிக்கு மட்டும் கட்டுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தையும் பின்னுக்குத் தள்ளுவார்கள், மாலையில் இன்னொரு மணி நேரம் போச்சு. காலையிலேயே போகலாமே என்றால், உறைபனி விழுந்த புல்லை மிதித்தால் கெட்டுவிடும் என்று பனி உருகும்வரை யாரையும் உள்ளே விட மாட்டார்கள்.

இதையெல்லாம் நேற்று சொத்தவிளைக் கடற்கரையில் சொல்லிக்கொண்டிருந்தேன். சூரியன் வழக்கமான நேரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் கேட்டான்: "அப்போ டிசம்பர்ல என்னண்ணே ஆடுவீங்க?"

"கேரம்," என்றேன்.