பொடியை நம்பித் தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

பங்குனி வெயிலில் ஒரு மதியம், பாலக்கோட்டில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு ஒரு அக்கா வந்தார். முகம் உப்பியிருந்தது, குரல் கம்மியிருந்தது. அந்த வெயிலிலும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தார். "தம்பி, தைராய்டு மாத்திரையை விட்டு மூணு மாசம் ஆச்சு. இப்ப இந்தப் பொடிதான்" என்று பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். 'மூலிகை ஆல்கலாய்டு, தைராய்டு வீக்கம் தீரும்' என்று லேபிளில் அச்சடித்திருந்தது. என்ன செடி, எத்தனை மில்லிகிராம் என்று எங்கும் இல்லை. அன்றே ரத்தம் கொடுக்கச் சொன்னேன். தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய ஏறுவது டிஎஸ்ஹெச் என்ற அளவு. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டிய அது அறுபதைத் தாண்டியிருந்தது.

அந்த லேபிளுக்குப் பின்னால் ஓர் அரை உண்மை இருக்கிறது. அதனால்தான் படித்தவர்களும் இதில் மாட்டுகிறார்கள்.

நம் பெண்களுக்கு வரும் தைராய்டு குறைபாட்டில் பெரும்பங்கு ஹஷிமோட்டோ வகை. 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகரு ஹஷிமோட்டோ விவரித்த நோய் இது. உடலைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே கழுத்துச் சுரப்பிக்குள் புகுந்து அழற்சி உண்டாக்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கின்றன. ஆல்கலாய்டு என்பது செடி கொடிகள் உண்டாக்கும், நைட்ரஜன் கலந்த வீரியமான பொருள், பெரும்பாலும் கசக்கும். அவற்றில் ஒன்று அனாடபைன். புகையிலையில் நிறைய, தக்காளி, கத்தரி, மிளகாயில் துளியளவு உண்டு. 2012-ல் எலிகளிடம் இது தைராய்டு அழற்சியைக் குறைத்தது. 2014-ல் வெளியான ஆய்வில் ஹஷிமோட்டோ உள்ள 146 பேரை வைத்து மூன்று மாதம் பார்த்தார்கள். இந்த நோயில் உடல் தன் தைராய்டுக்கு எதிராகவே உண்டாக்கும் பொருள்களை ஆன்டிபாடி என்பார்கள். அனாடபைன் எடுத்தவர்களுக்கு அவற்றில் ஒன்றான தைரோகுளோபுலின் ஆன்டிபாடி குறைந்தது. இன்னொன்றான டிபிஓ ஆன்டிபாடியில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆட்சேபித்ததால், அமெரிக்காவில் விற்றுவந்த அனாடபைன் மாத்திரையும் அதே ஆண்டு கடைகளிலிருந்து போய்விட்டது.

இதை வைத்துக்கொண்டு 'தைராய்டு குணமாகும்' என்பதுதான் முதல் தவறு. அந்த அக்காவுக்கு அவர் தோட்டத்தை வைத்தே சொன்னேன்: "தக்காளியில புழு விழுந்தா மருந்தடிக்கறீங்க, புழு குறையுது. அது தின்ன காய் திரும்பி வருமாக்கா?" அழற்சி தணிவது வேறு, அழிந்த சுரப்பி மறுபடி ஹார்மோன் சுரப்பது வேறு. காலையில் போடும் லெவோதைராக்ஸின் அந்தக் குறைந்துபோன ஹார்மோனேதான். அதன் வேலையை எந்த ஆல்கலாய்டும் செய்யாது.

"விட்டதும் ஒண்ணும் ஆகலையே தம்பி, நல்லாத்தானே இருந்தேன்" என்றார். எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். நிறுத்திய முதல் பத்து நாள் பழைய மாத்திரைதான் உடம்பை ஓட்டுகிறது. பெயரைப் பொடி வாங்கிக்கொள்கிறது. அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுதல், குளிர் எல்லாம் மெதுவாக வரும். வயசாகிவிட்டது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். மாத்திரை அளவை மாற்றினாலும் டிஎஸ்ஹெச் நிலைக்கு வர ஆறு வாரமாவது ஆகும். அதற்கு முன்னே பரிசோதித்து முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது: "எங்க ஆயா வெத்தலையோட புகையிலை போடும், அதுக்குத் தைராய்டே வரலை." புகை பிடிப்பவர்களிடம் டிபிஓ ஆன்டிபாடி சற்றுக் குறைவாகக் காணப்படுவது உண்மைதான். ஆனால் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் அதே புகை கண்ணைக் கெடுக்கிறது. மெல்லும் புகையிலையால் வாய்ப்புற்று வருவதை நம் ஊரில் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தைராய்டுக்காக ஒரு துண்டுப் புகையிலையும் வேண்டாம். தக்காளியையும் இதற்கு மருந்தாக நினைக்காதீர்கள். அதிலுள்ள அனாடபைன் அவ்வளவு சொற்பம். ஹஷிமோட்டோ உள்ளவர் தக்காளி, கத்தரியைத் தொடவே கூடாது என்று வரும் வாட்ஸ்அப் செய்தியையும் நம்ப வேண்டாம். குழம்பில் தாராளமாகப் போடுங்கள்.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும். வேலியில் கார்த்திகையில் பூக்கும் செங்காந்தளின் கிழங்கில் கால்ச்சிசின் இருக்கிறது. அழற்சியை நிஜமாகவே அடக்கும் ஆல்கலாய்டு. கீல்வாத மருந்தாக மில்லிகிராம் கணக்கில் அளந்து தருகிறார்கள். அதே கிழங்கைத் தின்று செத்தவர்களும் உண்டு. ஊமத்தையும் கத்தரிக் குடும்பத்துச் செடிதான். அமுக்கரா சிலருக்குத் தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடும்; மாத்திரையோடு சேரும்போது படபடப்பு வரலாம். எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் டப்பாவோடு காட்டுங்கள். திட்டுவார் என்று மறைப்பதால்தான் பாதிச் சிக்கல்.

நாம் தினமும் குடிக்கும் ஆல்கலாய்டு ஒன்று உண்டு, காபியிலுள்ள கஃபீன். மாத்திரையை விழுங்கிய கையோடு காபி குடித்தால் குடலில் மருந்து சரியாகச் சேராது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபியோ ராகிக் கூழோ குடியுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

அந்த அக்கா மறுபடி மாத்திரை தொடங்கி, இரண்டு மாதம் கழித்து மகளோடு வந்தார். மகளுக்கும் அதே தைராய்டு. நாள் தள்ளிப் போயிருந்தது. மசக்கை முடியட்டும், பிறகு டாக்டரிடம் போகலாம் என்றிருந்தார்கள். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை தாயின் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. பெரும்பாலோருக்கு மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அன்று சாயங்காலமே டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.