மரவாடி, விறகுக்கடைச் சரக்குக்குத் திருட்டுக் காப்பீடு எடுப்பது எப்படி?

மரவாடி வைத்திருப்பவர்களில் பலரிடம் தீக்காப்பீடு இருக்கும். பாங்கில் கடன் வாங்கும்போதே எடுக்க வைத்திருப்பார்கள். கட்டை களவு போனால் அந்தப் பாலிசி பெரும்பாலும் உதவாது.

ஓரிடத்தில் உள்ள கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்த்து 5 கோடி ரூபாய்க்குள் இருந்தால், 2021 ஏப்ரல் முதல் கிடைப்பது பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற தீக்காப்பீட்டுப் பாலிசி. அதற்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. தீ, மின்னல், புயல், வெள்ளம், கலவரம் எல்லாம் இவற்றில் அடங்கும். ஆனால் திருட்டுக்குப் பணம் கிடைப்பது, இப்படியொரு சேதம் நடந்து, அதை ஒட்டி 7 நாளுக்குள் களவு போனால் மட்டுமே. சாதாரண ராத்திரியில் லாரி வைத்து அள்ளிப் போனால் தனியாக பர்க்லரி பாலிசி, அதாவது உடைத்து நுழைந்து திருடுவதற்கான காப்பீடு, இருந்தாக வேண்டும்.

அந்தப் பாலிசியிலும் ஒரு முடிச்சு உண்டு. உள்ளே பலவந்தமாக நுழைந்த தடயம் வேண்டும்: உடைந்த பூட்டு, வெட்டிய கம்பிவேலி, மிரட்டப்பட்ட காவலாளி. திறந்து கிடந்த கேட் வழியாக எடுத்துப் போனது பர்க்லரி ஆகாது. பாலிசியில் எழுதியிருக்கும் விளக்கம்தான் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2004-ல் சொல்லிவிட்டது. ஆகவே சுற்றுச்சுவரோ வேலியோ, பூட்டும் கேட்டோ இல்லாத இடத்துக்குப் பிரீமியம் கட்டுவது வீண். கூரையில்லாமல் வெளியில் அடுக்கிய சரக்கைப் பல கம்பெனிகள் ஏற்பதில்லை. விண்ணப்பத்தில் "திறந்தவெளியில் அடுக்கிய கட்டை" என்று எழுதிக் கொடுத்து, அது பாலிசியில் அச்சாகி வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது கிளைம் நேரத்தில் செல்லாது. வேலையாளே கைவரிசை காட்டினால் அதற்கு ஃபிடெலிட்டி கியாரண்டி என்ற வேறு பாலிசி.

தொகையைக் குறைத்து எழுதிப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். 20 லட்சம் சரக்கை 12 லட்சம் என்று எழுதி, 5 லட்சத்துக்கு எரிந்தால் கிடைப்பது 3 லட்சம்தான். மேலே சொன்ன இரண்டு பாரத் பாலிசிகளிலும் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அதைத் தாண்டினால் விகிதப்படி வெட்டு விழும். மதிப்பு என்பது வாங்கிய விலையும் வண்டி வாடகையும் இறக்குக்கூலியும். விற்கும் விலை அல்ல. மழைக்கு முன் விறகு குவியும் மாதத்தில் இருப்பு எவ்வளவு ஏறுமோ, அந்த உச்சத்தை வைத்துத் தொகை எழுதுங்கள்.

கிளைம் பெரும்பாலும் தோற்பது கணக்கில்தான். உருட்டுக் கட்டையின் வெட்டுமுகத்தில் பெயின்டால் எண் போட்டு, சுற்றளவையும் நீளத்தையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். நடுச்சுற்று 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால், சுற்றில் கால்பங்கு 12 அங்குலம், அதாவது 1 அடி. 1 × 1 × 10, ஆக 10 கன அடி. எந்த எண் கட்டை போனது என்று சொல்ல முடிந்தால், இழப்பை மதிப்பிட வரும் சர்வேயரிடம் பாதி வேலை முடிந்தது. விறகை டன் கணக்கில் மட்டும் எழுதினால் சிக்கல். பச்சைச் சவுக்கு காயக் காய எடை இறங்கும்; அந்தக் குறைவுக்குக் காப்பீடு கிடையாது, களவு போனதையும் அதில் சேர்த்துக் கழித்துவிடுவார்கள். அதனால் அட்டியின் நீள, அகல, உயரத்தை மாதம் ஒருமுறை அளந்து, தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். வாங்கிய பில், எடைச்சீட்டு, தேக்கு போன்றவற்றுக்கு வனத்துறை அனுமதிச் சீட்டு ஆகியவற்றின் நகலைக் கடைக்கு வெளியேயும் ஒரு பிரதி வையுங்கள்.

கரையான், உளுப்பு, வெடிப்பு, இருப்பெடுக்கும்போது காரணம் தெரியாமல் குறைவது: இவை எதிலும் சேராது.

களவு தெரிந்தவுடன் உடைந்த பூட்டைத் தொடாமல் படம் எடுங்கள். அன்றே போலீசில் புகார் கொடுத்து, காப்பீட்டு கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை இடத்தை ஒழுங்குபடுத்த வேண்டாம். பொருள் கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் இறுதி அறிக்கையையும் கம்பெனி கேட்கும். அது வரத் தாமதமாகும், விடாமல் கேட்டு வாங்குங்கள். கிளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால் சிறு கடைக்காரர்கள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) ஓராண்டுக்குள் கட்டணமின்றி முறையிடலாம்.